முள்ளாரின் இன்னொரு சாக்ஸ்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

பழக்கதோஷத்தில் ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டேன். இன்றைக்கு அந்த வார்த்தைக்கு நீங்கள் லாயக்கில்லை. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைக்கிறேன்.

காலையில் அச்சகத்துக்குக் கிளம்பும்போது பதிப்பகத்திலிருந்து ஒரு பெரிய உறை வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு முள்ளம்பன்றி. வழவழப்பான தாளில், குளித்துத் தலைவாரிக் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல நிற்கிறது. முள்ளெல்லாம் ஒரே நீளம். கீழே ‘முள்ளார்’ என்று போட்டிருக்கிறார்கள். யாரைப் பார்த்து முள்ளார் என்கிறார்கள்? இரண்டு பின்னங்காலிலும் சாக்ஸ். உட்கார நல்ல நாற்காலி. வீட்டுக் கதவில் கைப்பிடி வேறு, அத்தான், பித்தளையில்.

கூடவே சின்னவரின் கடிதம். பெரிய முதலாளி போன பிறகு மகன்தானே பதிப்பகத்தைப் பார்க்கிறார். நம் முள்ளார் கதைப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் வேறொரு ஓவியரை வைத்துப் புதுப் படம் போடப் போகிறாராம். “பழைய படம் வரைந்த உங்கள் அத்தான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கதை எழுதிய நீங்களும் போட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்” என்கிறார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்களுக்கு மறந்துபோயிருந்தால் நினைவுபடுத்துகிறேன். முதல் புத்தகம் வந்தபோது நீங்கள் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவில் முள்ளாரை வரைந்து கொடுத்தீர்கள், அவசரத்தில் ஒரு சாக்ஸை மறந்துவிட்டீர்கள். அச்சாகி வந்துவிட்டது. நான்தான் இரண்டாவது புத்தகத்தில் எழுதிச் சமாளித்தேன்: முள்ளார் இன்னொரு சாக்ஸை விருந்தாளிக்காக எடுத்து வைத்திருக்கிறார், அந்த விருந்தாளி யார் என்று அவருக்கே தெரியாது, வரும்போது தெரியும் என்பார். அடுத்து மானம் போனது எனக்கு. பகலெல்லாம் அடுத்தவன் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், கதை ஆரம்பத்தில் நாற்காலியை விற்றுவிட்டுக் கடைசியில் அதே நாற்காலியில் முள்ளாரை உட்கார வைத்துவிட்டேன். நீங்கள்தான் காப்பாற்றினீர்கள். அவர் காற்றில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதாகவும், ஆமை குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதாகவும் வரைந்தீர்கள். அன்றைக்குப் போட்ட விதி இது. அச்சில் ஏறிவிட்டால் அது தப்பில்லை, முள்ளாருக்கு நடந்த சங்கதி. நீங்கள் விட்டதற்கு நான் காரணம் சொல்ல வேண்டும். நான் விட்டதை நீங்கள் வரைந்து சரிக்கட்ட வேண்டும். கதவுக்குக் கைப்பிடி போட மறந்தீர்கள், அன்றிலிருந்து ஊரே ஜன்னல் வழியாக அவர் வீட்டுக்குள் போகிறது.

இவ்வளவையும் இஸ்திரி போட்டுத் தள்ளச் சம்மதித்திருக்கிறீர்கள். போன் பண்ணினால் அக்கா எடுத்து, “அவர் குளிக்கிறார்” என்கிறாள். ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் குளிப்பார்? அதனால்தான் கடிதம். பதில் வந்தாக வேண்டும்.

வாயாடி

*

மார்ச் 11

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அக்காவும் படித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. புதிதாகப் படம் போடுகிற அந்தப் பெண் வரைந்ததைப் பார்த்தேன். சுத்தமான கோடு. என்னிடம் வேலை கற்றிருந்தால் ஒரே வாரத்தில் தனியாகப் போர்டு எழுதவிட்டிருப்பேன். எனக்கு வயதாகிவிட்டது. மகள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன். மாடியில் தொட்டிச்செடி வைத்திருக்கிறேன், அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவே பொழுது சரியாகப் போகிறது.

இரண்டு சாக்ஸ் போட்டால் முள்ளார் ஒன்றும் செத்துப்போய்விட மாட்டார். கையெழுத்துப் போட்டுவிடு.

இதைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்து அனுப்புகிறேன். வசதியாகத்தான் இருக்கிறது. நீயும் பழகிக்கொள்.

அத்தான்

*

மார்ச் 17

அத்தானுக்கு,

வசதியாமே. ஊரில் பாதிக் கடைக்குக் கையால் எழுத்து எழுதின மனுஷன், மச்சினிக்கு நாலு வரி எழுத மிஷின் வேண்டியிருக்கிறது. என்மேல் கோபம் என்றால் கோபம் என்று சொல்லுங்கள். தொட்டிச்செடிமேல் பழியைப் போடாதீர்கள்.

நேற்று லீவு போட்டுவிட்டு நேராகச் சின்னவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். நல்ல பையன்தான், அதுதான் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் ஒரே சண்டையில் முடிந்திருக்கும். டீ வரவழைத்தார். புத்தகக்கடைக்காரர்கள் பழைய படம் மங்கலாக இருக்கிறது என்று எடுக்கவே யோசிக்கிறார்களாம்.

“பசங்க குழம்பிடறாங்கம்மா. ஒரு கால்ல மட்டும் ஏன் சாக்ஸ்னு கேக்கறாங்க.”

“கேக்கட்டும். கேக்கத்தானே புத்தகம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இறங்கி வரவில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போடாவிட்டால் புதுப் படமும் கிடையாது, பழையதையும் இனி அச்சடிக்க முடியாது, முள்ளார் இருக்கிற பிரதியோடு முடிந்துபோவார் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அச்சகத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், சாயங்காலம்வரை உட்காருவேன் என்றேன். கடைசியில் ஒரு வழி சொன்னார். மே மாதம் முடிவதற்குள் நாம் இரண்டு பேருமாக, அதே கையால், ஒரு புதுப் புத்தகம் கொடுத்துவிட்டால், அதைக் காட்டிக் கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்துப் பழைய புத்தகங்களைப் பழைய படத்தோடேயே திரும்பப் போடுவாராம்.

எனக்கு அது போதும். ராத்திரியே கதை எழுதிவிட்டேன். முள்ளார் வாத்துக் கூட்டத்தோடு ஆற்றைக் கடக்கிறார். இத்துடன் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றின நேரம் போக வரையுங்கள்.

வாயாடி

*

மார்ச் 26

வாயாடிக்கு,

நான் வரைய மாட்டேன்.

காரணம் கேட்பாய், சொல்கிறேன். உனக்கு ‘வாத்துக் கூட்டம்’ என்பது ஒரு வார்த்தை. எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாய். ஒவ்வொரு வாத்துக்கும் மூக்கு, கண், இறக்கை வரைகிறவன் நான். போன தடவை ‘காட்டில் இலையெல்லாம் உதிர்ந்தது’ என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்கு நான் எத்தனை நாள் இலை வரைந்தேன் என்று கேட்டாயா? அட்டையில் உன் பெயர் மேலே பெரிதாக இருக்கும். என் பெயரைத் தேட ஆமை மாதிரிக் குனிய வேண்டும். இதையெல்லாம் இத்தனை நாள் நான் சொன்னதில்லை.

என் மேஜையைப் பேரன் படிக்கக் கொடுத்தாகிவிட்டது. பிரஷ்களையும் யாருக்கோ கொடுத்துவிட்டேன். கண்ணும் சரியில்லை. இன்னும் காரணம் வேண்டுமென்றால் நீயே எழுதிக்கொள், காரணம் கண்டுபிடிப்பதுதானே உன் வேலை.

கதையைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தப் பேச்சை விடு.

அத்தான்

*

ஏப்ரல் 8

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் பெயர் விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம். அதை மாற்றச் சொல்கிறேன். வாத்து விஷயத்திலும் நியாயம்தான். ஆனால் ‘இத்தனை நாள் சொன்னதில்லை’ என்பது சுத்தப் பொய். வருஷா வருஷம் சொல்லிக்காட்டியிருக்கிறீர்கள், அக்கா சாட்சி.

அது கிடக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். அவர்கள் வசமாக மாட்டிக்கொண்டார்கள், அத்தான்.

நேற்று மறுபடி பதிப்பகம் போனேன். ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். பிழை பார்க்கிற கண்ணாச்சே, முதலில் எழுத்துப்பிழைதான் தேடினேன். கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து. என்ன கையெழுத்து அது? மையில் விழுந்த எறும்பு நடந்துபோன மாதிரி இருக்கிறது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதிக் கொடுத்தது நீங்கள். வெறுங்கையால் கோடு போட்டால் ஸ்கேல் வைத்துப் போட்டதா என்று ஊரே கேட்கும்.

எழுந்து நின்று சத்தம் போட்டேன். இது எங்கள் அத்தான் போட்ட கையெழுத்தே இல்லை, யாரோ போட்டுத் தள்ளியிருக்கிறீர்கள், என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஆபீஸே எட்டிப் பார்த்தது. சின்னவர் முகம் வெளுத்துவிட்டது. “தபால்ல வந்ததும்மா, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது” என்றார். நான் விடவில்லை. வக்கீலிடம் போவேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்.

இப்போதுதான் எனக்கு எல்லாம் புரிகிறது. நீங்கள் சம்மதிக்கவே இல்லை. ஏதோ சங்கடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். கவலைப்பட வேண்டாம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ‘அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை’ என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கையால் எழுதுங்கள். வக்கீல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

வாயாடி

*

ஏப்ரல் 13

வாயாடிக்கு,

கையால் எழுதச் சொன்னாய். எழுதியிருக்கிறேன். முடிந்தவரை படித்துக்கொள். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிவிட்டது.

அது என் கையெழுத்துதான். அந்தப் பையனை விட்டுவிடு, அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. நாளைக்கே போய் மன்னிப்புக் கேள்.

போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸ் ஆடியது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, உன் அக்கா போட்டுவிட்டாள். நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். போட்டால் கொஞ்ச நேரம் கை நிற்கிறது, பிறகு பழையபடி ஆடுகிறது. இது குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

பிரஷ்களை யாருக்கும் கொடுக்கவில்லை. மேஜையும் இருக்கிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வாழ்க்கையில் என்னிடம் இருந்தது ஒரு நேர்க்கோடுதான். அது போய்விட்டது என்று உனக்குத் தெரிவதைவிட, நான் திமிர் பிடித்தவன் என்று நீ நினைத்தால் பரவாயில்லை என்று இருந்தேன்.

நேற்று உன் கடிதம் வந்ததும் ஒரு முள்ளாரை வரைந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கோடாவது ஒரு இடத்தில் நிற்கிறதா பார். பார்த்துவிட்டுக் கிழித்துப் போடு. பிறகு கையெழுத்துப் போடு.

அத்தான்

*

ஏப்ரல் 19

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தத் தடவை ‘அன்புள்ள’வைத் தெரிந்துதான் எழுதினேன்.

சின்னவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான். பாவம், அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் நன்றாக அழுதேன். இதை நான் எழுதாவிட்டாலும் அக்கா உங்களிடம் போட்டுக் கொடுத்துவிடுவாள். நேற்று போனில் அவளும் நானும் சேர்ந்துதான் அழுதோம், நீங்கள் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்களாம். அதோடு சரி. இனி அழுவதாக இல்லை, வேலை இருக்கிறது.

படத்தைக் கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

படத்தை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள்ளாருக்கு முள்ளெல்லாம் அலை அலையாக இருக்கிறது. மூக்கு இரண்டு கோடாக ஆடுகிறது. உட்கார்ந்திருக்கிற இல்லாத நாற்காலிகூட நடுங்குகிறது. நம் விதிப்படி இதைத் தப்பு என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது. முள்ளார் நடுங்குகிறார், அவ்வளவுதான். ஏன் நடுங்குகிறார் என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

குளிரா என்று யோசித்தேன். பிடிக்கவில்லை. பயமா? முள்ளாருக்குப் பயமே வராது. பிறகு அவர் வாயைப் பார்த்தேன். இறுக்கி மூடியிருக்கிறார். கன்னம் உப்பியிருக்கிறது. அட, இந்த மனுஷர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்.

இதுதான் புதுக் கதை. வாத்தம்மா ஊரைக் கூட்டி வைத்துச் சொற்பொழிவு செய்கிறாள். பல நாள் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தது. முள்ளார் வீட்டில்தான் கூட்டம், எல்லோரும் ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்தாயிற்று. அவள் பேச ஆரம்பிக்கும்போது ஒரு தவளை அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்து மிகவும் சிரத்தையாகக் கேட்கிறது. வாத்தம்மாவுக்குத் தெரியாது. முன்வரிசையில் இருக்கிற முள்ளாருக்குத் தெரிகிறது. சிரித்தால் அவள் மனசு புண்படும், அதனால் அடக்குகிறார். முள் நடுங்குகிறது. பக்கத்தில் ஆமைக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆமையிலிருந்து முயலுக்கு, முயலிலிருந்து கரடிக்கு, கரடியிலிருந்து சுவருக்கு. விளக்கு ஆடுகிறது, வாளித் தண்ணீர் ஆடுகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் வாத்தம்மா தண்ணீர் குடிக்க வாளியில் குனிகிறாள், தண்ணீரில் தன் தலைமேல் தவளையைப் பார்க்கிறாள். முதலில் சிரிப்பது அவள்தான். அதற்கப்புறம் ஊரே சிரிக்கிறது.

பக்கத்துக்குப் பக்கம் நடுக்கம் கூடிக்கொண்டே போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடும் ஒரு இடத்தில் நிற்கக் கூடாது. அந்தச் சுத்தமான கோட்டுக்காரப் பெண்ணால் இதை வரைய முடியாது, சின்னவரிடமே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வாத்துதான் வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா?

நான் உங்களைக் கேட்கவில்லை, அத்தான். சொல்கிறேன். வரையுங்கள்.

வாயாடி

*

மே 20

வாயாடிக்கு,

படங்கள் தனிக் கட்டாக வருகின்றன. கையால்தான் எழுதுகிறேன், நேரமாகிறது, ஆகட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பேரன் புத்தகங்களை மேஜையிலிருந்து இறக்கச் சொன்னேன். உன் அக்கா பிரஷ்களைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

உனக்கு ஒன்று தெரியுமா? முதல் பக்கங்களை மாத்திரை போட்ட பிறகு உட்கார்ந்து வரைந்தேன். கூட்டம் தொடங்கும் பக்கங்கள், யாருக்கும் இன்னும் சிரிப்பு வரவில்லை. கை நின்றது, நன்றாக வந்தது. முள்ளார் சிரிப்பை அடக்கும் இடம் வந்ததும் அந்த நேரத்துக் கோடு ஒன்றுக்கும் உதவவில்லை. வேண்டுமென்று ஆட்டினால் பொய்யாகத் தெரிகிறது. கடைசிப் பக்கத்துக்காகக் காலையில் எழுந்ததும், மாத்திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். உன் அக்கா மாத்திரையும் தண்ணீருமாகப் பக்கத்திலேயே நின்று, “போதும் எழுந்திரிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வரைந்து முடித்துப் பார்த்தேன். கரடி சிரிக்கிற சிரிப்பில் கூரை ஓடு பறக்கிறது. நான் அப்படி வரைய நினைக்கவில்லை, கைதான் அங்கே போனது. நானும் சிரித்துவிட்டேன். கை ஆடுவதைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு குறை இருக்கிறது. முடிக்கிற சமயத்தில் பிரஷ் உதறி, படத்து ஜன்னலில் ஒரு பெரிய மைச்சொட்டு விழுந்துவிட்டது. பாதி ஜன்னலுக்கு உள்ளே, பாதி வெளியே. அடியில் கொஞ்சம் ஒழுகியும் விட்டது. அதைச் சுரண்டினால் தாள் கிழியும். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப வரையவா? மே முடிய இன்னும் நாள் இருக்கிறது. சொல்.

பெயரைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. கோபத்தில் எழுதியது.

அத்தான்

*

மே 29

அன்புள்ள அத்தானுக்கு,

பெயரை மறக்கவில்லை. அட்டையில் இரண்டு பேரும் ஒரே வரியில், ஒரே அளவில் இருக்கிறோம். நானே நின்று பார்த்துத் திருத்திவிட்டு வந்தேன்.

கட்டைப் பிரிக்காமல் அப்படியே சின்னவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் முதலாளி முகத்தோடு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆமை வரும் பக்கத்தில் உதட்டைக் கடித்தார். முயல் வரும் பக்கத்தில் தோள் ஆட ஆரம்பித்தது. வியாபாரம் பேச வந்தவள் முன்னால் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கரடிவரை தாங்கினார். கடைசிப் பக்கத்தில் அவரால் முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பழைய படமே இருக்கட்டும்மா” என்றார். என் முன்னாலேயே அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். உங்கள் எறும்புக் கையெழுத்து இருந்த துண்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது மைச்சொட்டு. திரும்ப வரைய வேண்டாம். வரைந்தால் வந்தவரைத் துரத்தினது ஆகிவிடும்.

சரியாகப் பாருங்கள், அத்தான். ஊரே சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறார். கறுப்பாக, உருண்டையாக இருக்கிறார், முகம் இன்னும் தெரியவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. முள்ளார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பியிருக்கிறார், நீங்கள் அப்படித்தான் வரைந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான் எழுதிச் சேர்த்திருக்கிறேன்: ‘அப்போது விருந்தாளி வந்தார்.’

அடியில் ஒழுகியிருக்கிறதே, அதுதான் அவருடைய கால். எப்படிப் பார்த்தாலும் ஒரு கால்தான் இருக்கிறது. முள்ளார் இத்தனை வருஷமாக எடுத்து வைத்திருந்ததும் ஒரு சாக்ஸ்தான்.

வாயாடி